மலையில் சரி, அடிவாரத்தில் ஒரு முடி நீளம்

இரும்போடு குடித்தனம் நடத்துவது சுலபம். இருபத்தாறு வருடம் நடத்தியவள், சொல்லலாம். அது சோற்றில் வரும். புடவைக் கொசுவத்தில் வரும். மழை மாதத்தில் கொடியில் காயாத துண்டின் மேல் துருவாகப் பூக்கும். ஆனால் வந்ததை மறைக்காது. காந்தத்தைத் தரையில் இழுத்துக்கொண்டு ஒரு நடை நடந்தால் போதும், பட்டறையின் மூலை முடுக்கில் கிடந்த துணுக்கெல்லாம் பந்திக்குக் கூப்பிட்ட மாதிரி எழுந்து வந்து ஒட்டிக்கொள்ளும். சூடானால் சிவக்கும், ஆறினால் கறுக்கும். அதன் மனசு வெளியே தெரியும்.

அலுமினியம் அப்படி இல்லை. சூட்டிலும் சிரிக்கும், குளிரிலும் சிரிக்கும். ஒரே சிரிப்பு. அந்தச் சிரிப்பை நம்பித்தான் போன பங்குனியில் என் கணவர் ஓசூருக்கு மூட்டை கட்ட இருந்தார்.

எங்கள் பட்டறை கொல்லிமலை மேல், சோளக்காட்டைத் தாண்டி, செம்மேட்டுக்கு முன்னால் சாலையோரம் இருக்கிறது. ஒரு லேத், ஒரு மில்லிங் மெஷின், பின்பக்கம் எங்கள் வீடு, அதற்கும் பின்னால் பக்கத்துக்காரரின் மிளகுத் தோட்டம். வாசலில் ஒரு பலகை: 'இறங்கும் முன் பிரேக் பார்க்கவும்.' அறிவுரை மாதிரி இருக்கும், விளம்பரம்தான். மேலே வந்த வண்டி எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கித்தான் ஆகவேண்டும். அன்னாசி ஏற்றிய லாரி, பலாப்பழ லாரி, பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் சுற்றுலா வேன், எல்லாவற்றின் பிரேக் டிரம்மும் ஒருநாள் என் கணவர் கையில் வந்து சுழலும். பாதிப் பிழைப்பு அது. மீதிப் பிழைப்பு அடிவாரத்தில், காளப்பநாயக்கன்பட்டியில் இருக்கும் என் அண்ணனிடமிருந்து வந்தது. நிலக்கடலை காயப்போட்ட களத்தில் தகரக் கொட்டகை போட்டுப் பட்டறை வைத்தவர். கார் இஞ்சினுக்கான வார்ப்பிரும்புத் துண்டுகளை வாங்கி, தன்னால் முடிந்தது போக மிச்சத்தை மலைக்கு அனுப்புவார். அவர் கடைவார், நான் அளப்பேன். 'அவர்' என்றால் கணவர். அளந்து முடித்த நேரத்தில் எழுதுவேன். எழுதுவது யாருக்கும் இடைஞ்சல் இல்லாத வேலை என்பதால் வீட்டில் யாரும் அதைத் தடுத்ததில்லை.

இரண்டு வருடமாக இஞ்சின் துண்டுகள் வருவது குறைந்துகொண்டே வந்தது. ஒருநாள் அண்ணன் போனில் கூப்பிட்டார்.

"அம்மிணி, கார்ல இனி இஞ்சின் இல்லையாமா."

"பின்ன என்னதானுங்ணா இருக்குது?"

"பேட்டரி. தரை பூரா பேட்டரி. அதுக்கொரு பொட்டி, பொட்டிக்குச் சட்டம், சட்டத்துக்குத் தகடு. எல்லாமே அலுமினியம். மாப்ளகிட்டச் சொல்லு, சாம்பிள் பன்னெண்டு தகடு வருது."

பேட்டரி கனம். ஆகவே மற்றதெல்லாம் இளைக்க வேண்டும். வண்டி எவ்வளவு இளைக்கிறதோ அவ்வளவு தூரம் கூடுதலாக ஓடும். நூறு வருடமாகக் காரில் உட்கார்ந்திருந்த இரும்பை இப்படித்தான் எழுப்பி, "சித்த எறங்கிக்கிறீங்களா?" என்று கேட்டிருக்கிறார்கள்.

பன்னிரண்டு தகடும் தேறினால் மாதாமாதம் வேலை. தேறாவிட்டால் மில்லிங் மெஷின் போய்விடும். ராசிபுரத்துக்காரர் ஒருவர் வந்து அதைச் சந்தையில் மாட்டைத் தட்டிப் பார்ப்பது போலத் தட்டிப் பார்த்துவிட்டும் போயிருந்தார். கணவர் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலைக்குப் பேசி வைத்திருந்தார். "சாம்பிள் போச்சுன்னா வர்ற ஒண்ணாந் தேதி வந்தர்றனுங்க" என்று அவர் போனில் சொன்னதை நான் அடுப்படியில் இருந்து கேட்டேன். ஐம்பத்து மூன்று வயது. நான்கு பேர் தங்கும் அறையில் ஒரு கட்டில். இதுவரை ஒரு சங்கு ஊதி அவர் வேலையைத் தொடங்கியதில்லை. பசித்தால் சாப்பிடுவார், மழை நன்றாக இருந்தால் மெஷினை நிறுத்திவிட்டு மழையைப் பார்ப்பார். அப்படிப்பட்ட மனிதரை மணி அடித்துச் சாப்பிடக் கூப்பிடுவார்கள் என்று நினைத்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

தகடுகள் வந்தன. முழங்கையை விடச் சற்றே சிறிய நீளம், உள்ளங்கை அகலம், நிலா வெளிச்சம் போட்ட பளபளப்பு. தொட்டால் விரல் ரேகை பதிந்தது. கணவர் ஒன்றைக் கையில் எடுத்து, "இதென்னடா அப்பளமாட்ட இருக்குது" என்றார்.

முதல் நாளே அது தன் குணத்தைக் காட்டியது. எங்கள் மில்லிங் மெஷினில் ஒரு காந்தப் பலகை உண்டு. துண்டை அதன்மேல் வைப்பார், கைப்பிடியைத் திருப்புவார், காந்தம் பிடித்துக்கொள்ளும், வெட்டத் தொடங்குவார். இருபத்தாறு வருடப் பழக்கம். கை தானாகச் செய்தது. தகட்டை வைத்தார், கைப்பிடியைத் திருப்பினார், மெஷினை ஓட்டினார். அலுமினியத்தைக் காந்தம் பிடிக்காது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் படித்தது. ஆனால் கை பள்ளிக்கூடம் போகவில்லையே. தகடு ஒரு முறை கனைத்தது. பிறகு ஜன்னல் வழியாக, எந்த அவசரமும் இல்லாமல், மிளகுத் தோட்டத்துக்குள் பறந்து போனது.

தோட்டத்துக்குள்ளிருந்து பக்கத்துக்காரர் குரல் கேட்டது. "ஏனுங்க, தட்டு ஒண்ணு வந்துச்சு. சோறு பொறத்தால வருமுங்களா?"

நல்லவேளை, அடி யாருக்கும் இல்லை. அண்ணன் உதிரியாக ஒன்று சேர்த்து அனுப்பியிருந்ததால் எண்ணிக்கையும் தப்பியது. பறந்த தகடு திரும்பி வரவில்லை. பக்கத்து வீட்டுத் தண்ணீர்க் குடத்துக்கு இன்றைக்கும் அதுதான் மூடி.

அதன்பிறகு கணவர் அலுமினியத்திடம் புது மாப்பிள்ளை மாதிரி நடந்துகொண்டார். இடுக்கியில் துணி வைத்துப் பிடித்தார். மண்ணெண்ணெய் ஊற்றிக் குளிரக் குளிர வெட்டினார். வெட்டிய சுருளெல்லாம் வெட்டும் பல்லில் அல்வா போல ஒட்டிக்கொண்டது. நிறுத்தி, சுரண்டி, மறுபடி ஓட்டினார். காந்தத்தை இழுத்துக்கொண்டு நான் நடந்தேன். ஒரு துணுக்கும் எழுந்திருக்கவில்லை. தரையெல்லாம் சிரித்துக்கொண்டு கிடந்தது.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். தகடுகளோடு வந்த டிராயிங்கை நான் முழுசாகப் படித்தேன். கணவர் எண்களை மட்டும் படிப்பார். நான் பொட்டலம் கட்டிய காகிதத்தையும் விடாமல் படிப்பவள். டிராயிங்கின் மூலையில் பொடி எழுத்தில் ஆங்கிலக் குறிப்புகள் இருந்தன. அவற்றில் இரண்டு வரி மனசில் ஒட்டிக்கொண்டது. அன்றைக்கே தமிழாக்கி நோட்டில் எழுதினேன்: 'கூர்முனைகள் யாவும் நீக்கப்படுக. அளவுகள் யாவும் இருபது டிகிரிக்கு.' என்ன மொழி! நடுவயதுத் தாம்பத்தியத்தைப் பற்றி நான் எழுதிக்கொண்டிருந்த ஒரு கவிதைக்கு முடிவு கிடைக்காமல் ஒரு மாதமாக அலைந்துகொண்டிருந்தேன். இரண்டாவது வரியை அப்படியே கடைசியில் வைத்தேன். பொருந்திவிட்டது. ஒரு சிறு பத்திரிகைக்கு அனுப்பினேன். அவர்களும் போட்டுவிட்டார்கள்.

பன்னிரண்டையும் காலையில் அளந்தேன். எல்லாம் சரி. பிக்கப் வண்டியில் அடுக்கி, கீறல் விழாமலிருக்கக் கறுப்புத் தார்ப்பாயைப் போட்டு மூடி இறங்கினோம். பகல் உச்சியில் காளப்பநாயக்கன்பட்டி. அண்ணனுடைய தகரக் கொட்டகைக்குள் பங்குனி வெயில் உட்கார்ந்து கால் நீட்டியிருந்தது.

கார்ப் பாகங்கள் வாங்கும் கம்பெனி அனுப்பிய சோதனைக்காரர் அங்கே காத்திருந்தார். முப்பது வயதிருக்கும். தென்மாவட்டத்துக்காரர். அந்த வெக்கையிலும் சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டிருந்தார். வெல்வெட் பெட்டியிலிருந்து வெர்னியரை எடுத்தார், மூக்குக் கண்ணாடியைத் துடைப்பது போலத் துடைத்தார், முதல் தகட்டை அளந்தார்.

"கூடுதல்க்கா."

"எவ்வளவு தம்பி?"

அவர் சொன்ன எண்ணை எங்கள் பட்டறைக் கணக்குக்கு மாற்றினால் மூன்று முடி. மயிரிழையைத்தான் சொல்கிறேன். டிராயிங்கில் அனுமதி முக்கால் முடிதான். பன்னிரண்டும் மூன்று முடி நீளம்.

கணவர் என்னைப் பார்த்தார். நான் வெர்னியரைப் பார்த்தேன். அண்ணன் எங்கள் இருவரையும் பார்த்து, "மலைத்தண்ணி ஒத்துக்கிச்சாட்ட இருக்குது மாப்ள, நல்லா வளந்திருக்குது" என்றார்.

"மச்சான், காத்தாலதான் அளந்து கட்டுனோம். உங்க தங்கச்சி அளந்தது."

"அதான் கேக்கறன். அம்மிணி அளந்துச்சா, கவித எழுதுச்சா?"

டீ வந்தது. குடித்தோம். வாக்குவாதம் இன்னொரு டீ வரை நீண்டது. "இன்னொருக்கா அளங்க" என்றார் கணவர். சோதனைக்காரர் அளந்தார். அவர் புருவம் மேலேறியது.

"ரெண்டு முடிதான் இருக்கு."

"இப்பத்தானுங்க மூணுன்னீங்க!"

"அப்போ மூணுதான் இருந்துச்சு அண்ணே."

அண்ணன் வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு மறுபடி அளந்தால் ஒரு முடி. அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "பேசப் பேசக் கொறையுது. பேசு மாப்ள, வுடாத. பொழுது எறங்கறதுக்குள்ள பாஸாயிரும்."

பேசினோம். ஆனால் ஒரு முடி ஒரு முடியாகவே நின்றுவிட்டது. சோதனைக்காரர் தன் நோட்டில், 'அளவு நிலையாக இல்லை' என்று எழுதினார். மூன்று வாய்ப்புகளில் ஒன்று முடிந்தது என்றும் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார்.

மேலே திரும்பி, மறுநாள் காலை வெர்னியரை எடுத்தேன். அளந்தேன். பன்னிரண்டும் அச்சுப் பிசகாமல் சரியாக இருந்தன. கணவரும் அளந்தார். சரி. மதியம் அவர் மெல்ல, "கண்ணு, உன்ற கண்ணாடிய மாத்தி எத்தன நாளாச்சு?" என்றார். "உங்களுக்கும் அதே அளவுதானுங்க வந்துச்சு, உங்க கண்ணாடிய எப்ப மாத்துனீங்க?" என்றேன். அவர் கண்ணாடியே போடுவதில்லை.

செய்தி பரவியது. மலையில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பிரேக் பார்க்க வந்த ஜீப்புக்காரர் கண்ணேறு என்றார். பட்டறைக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் அக்காதான் ஊர் முழுக்க ஒத்துக்கொண்ட காரணத்தைச் சொன்னது. "எழுவது கொண்டையில மனுச ஒடம்பையே இந்தப்பக்கம் ஒரு இழுப்பு, அந்தப்பக்கம் ஒரு இழுப்பு இழுத்துப் போடுது. தகடு என்ன, இழுபடாதாக்கும்?"

"மேல வந்தா மறுக்காச் சரியாயிருதேக்கா?"

"ஏர்றப்ப எதிர்ப்பக்கமா இழுக்குதல்ல!"

என் கணவர் இதை ஏற்றுக்கொண்டார் என்பதை இங்கே எழுதுவது எனக்கே கஷ்டமாக இருக்கிறது. உலோகத்தோடு இருபத்தாறு வருடம் புழங்கிய மனிதர். ஆனால் ஒண்ணாந் தேதி நெருங்க நெருங்க, எந்தக் காரணமும் இல்லாமலிருப்பதை விட ஒரு தப்பான காரணமாவது துணைக்கு இருப்பது ஆறுதல். நானும் மறுக்கவில்லை.

இரண்டாவது தடவை பிக்கப் வண்டி வேண்டாம் என்று முடிவானது. விடிந்ததும் தகடுகளைக் கம்பளியில் சுற்றினோம். ஆளுக்கு ஆறு. மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினோம், வளைவின் குலுக்கல் அவற்றை எட்டாதபடி. ஒவ்வொரு வளைவிலும் கணவர் மூட்டையோடு எதிர்ப்பக்கம் சாய்ந்தார். நானும் சாய்ந்தேன். பஸ்ஸே எங்களைப் பார்த்தது.

கண்டக்டர் வந்தார். "கைக்கொழந்தைக்கு டிக்கட் இல்லீங்க. மொகத்த மட்டும் காட்டுங்க."

கணவர் கம்பளியை விலக்கினார். தகடு பளபளத்தது.

"அப்பன் சாடையே இல்லீங்களே" என்று சொல்லிவிட்டு அவர் முன்னால் போனார். அறுபத்தோராவது வளைவு வரை பஸ்ஸுக்குள் சிரிப்பு ஓடிக்கொண்டே இருந்தது.

கொட்டகையில் சோதனைக்காரர் தயாராக இருந்தார். கம்பளியைப் பிரித்து முதல் தகட்டை நீட்டினோம். அளந்தார். "சரியா இருக்கு."

கணவர் என் பக்கம் திரும்பி, வளைவில் சாய்ந்த மாதிரியே லேசாகச் சாய்ந்து காட்டினார். பார்த்தாயா என்று அர்த்தம்.

இரண்டாவது சரி. மூன்றாவதை அளப்பதற்கு முன்னால் மற்ற எல்லாவற்றையும் பிரித்து மேசைமேல் பரப்பச் சொன்னார் அண்ணன், பார்க்க அழகாக இருக்கும் என்று. தகரத்துக்குக் கீழே, ஜன்னல் வெயிலில், பன்னிரண்டு நிலாக்கள். இடையில் அண்ணனைத் தேடி யாரோ வந்தார்கள், போன் வந்தது, சோதனைக்காரர் முகம் கழுவப் போய் வந்தார். மூன்றாவது, முக்கால் முடி. நான்காவது, ஒரு முடி. ஐந்தாவது, ஒரு முடி. சந்தேகம் வந்து, தேறிய முதல் தகட்டை மறுபடி அளந்தார்.

"இதுவும் ஒரு முடி கூடிருச்சு அண்ணே."

கணவர் மேசையோரத்தில் உட்கார்ந்தார். "பஸ்ஸுல வந்தும் இழுத்துக்கிச்சு" என்றார், யாரிடம் என்றில்லாமல். அந்தக் குரலில் ஓசூர் கேட்டது. நான்கு பேர் அறை கேட்டது. சங்கு ஊதியது.

நான் முதல் தகட்டைக் கையில் எடுத்தேன். எடுத்த வேகத்தில் மேசையில் போட்டேன். காலையில் கம்பளியைப் பிரித்தபோது சுனைத்தண்ணீர் மாதிரி கையில் வழுக்கியது, இப்போது தோசைக்கல்.

அப்போதுதான் என் சொந்தக் கவிதை எனக்குப் புரிந்தது.

"தம்பி, டிராயிங்க எடுங்க."

"எதுக்குக்கா?"

"எடுங்க சாமி. மூலையில பொடி எழுத்துல இருக்கும்."

அவருடைய டிராயிங்கில் அந்த மூலையில் அவர்கள் கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினார். பாதி எழுத்து ஸ்டிக்கரோடு வந்துவிட்டது. மீதியைப் படித்தார். அவர் காது இரண்டும் சிவந்தன. இரும்பு மாதிரி, மறைக்கத் தெரியாமல்.

"எல்லா அளவும் இருபது டிகிரி வெப்பத்துல எடுக்கணும்னு இருக்கு" என்றார் மெதுவாக. "எங்க கம்பெனி ரூம்ல எப்பவும் ஏசி ஓடும். அதனால இதை நாங்க யாரும் யோசிச்சதே இல்லை."

விஷயம் அவ்வளவுதான். சூடானால் எந்த உலோகமும் நீளும். அலுமினியம் இரும்பைப் போல் இரண்டு பங்கு நீளும். கையளவு இரும்புத் துண்டு மலையிலிருந்து அடிவாரத்துக்கு வந்து நீண்டதை யாரும் கவனிக்கவில்லை. கவனிக்கிற அளவுக்கு அது நீளவும் இல்லை. முழங்கை நீள அலுமினியத்தை மேலே குளிரில் வெட்டி, கீழே அடுப்புக்குள் கொண்டுவந்து அளந்தால் முடிக்கணக்கில் வளராமல் என்ன செய்யும்? அன்று தார்ப்பாய்க்கடியில் வெந்து வந்தது மூன்று முடி. டீ குடித்து ஆற ஆற இரண்டு, ஒன்று. பேச்சால் குறையவில்லை.

கணவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

சொல்லத்தானே வேண்டும். நோட்டை எடுத்துக் காட்டினேன். அண்ணன் வாங்கி, கவிதையை முதலிலிருந்து கடைசி வரை உரக்க வாசித்தார். மெஷின்கள் நடுவே, எண்ணெய் வாசனையில். கடைசி வரி வந்ததும் நிமிர்ந்தார்.

"இத எப்ப எழுதுன?"

"தகடு வந்த அன்னைக்குங்ணா."

"வேல ஆரம்பிக்கறதுக்கு முந்தியே?"

"அச்சுலயும் வந்திருச்சுங்ணா."

கணவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அச்சுல போட்டவங்களுக்காச்சும் அது புரிஞ்சுதா?"

சோதனைக்காரருக்கு ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. இருபது டிகிரி அறை அவர்கள் தொழிற்சாலையில் இருக்கிறது. ஆனால் சாம்பிள் தேறாத பொருளைத் தொழிற்சாலைக்குள் விட மாட்டார்கள். அந்த அறைக்குள் போகாமல் சாம்பிள் தேறாது. "இருவது டிகிரிக்கு நான் எங்க சாமி போவன்?" என்றார் அண்ணன். "இந்தக் களத்துல மார்கழி நடுவுல ஒரு மணி நேரம் இருக்கும். இன்னும் ஒம்பது மாசம் உக்காந்திருக்கீங்களா?"

கணவர் எழுந்தார். "எங்கூட்டுல தெனமும் காத்தால அதுதானுங்களே."

மூன்றாவது, கடைசி வாய்ப்பு எங்கள் பட்டறையில் என்று முடிவானது.

சோதனைக்காரர் தங்கள் கம்பெனியின் மின்சாரக் காரிலேயே வந்தார். பின்சீட்டில் அண்ணன். எழுபது வளைவு ஏறி வருகிறவர்கள் பள்ளத்தாக்கைப் பார்ப்பார்கள், மேகத்தைப் பார்ப்பார்கள், குரங்கைப் பார்ப்பார்கள். இவர் பேட்டரியின் அளவை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தாராம். கதவைத் திறந்து இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி: "அண்ணே, திரும்ப இறங்குறதுக்குச் சார்ஜ் காணுமா?"

"எறங்கறப்ப அதுவா ரொம்புமாமா தம்பி. நீங்கதான கார்க்காரரு?" என்றார் கணவர்.

தெர்மாமீட்டருக்கு அரசாங்கத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்டிருந்தேன். அங்கே வேலை பார்க்கும் திருச்சிக்காரர் எழுதுவதில் ஆர்வமுள்ளவர், மறுக்கவில்லை. ஆனால் அரசாங்கப் பொருளைத் தனியாக அனுப்ப முடியாது என்று தானும் கூடவே வந்துவிட்டார். மரச்சட்டம் போட்ட அந்தத் தெர்மாமீட்டரை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, உற்சவர் புறப்பாடு மாதிரி பட்டறைக்குள் நுழைந்தார். சுவரில் மாட்டினோம். பத்தொன்பது.

"ஒண்ணு கம்மியா இருக்கு" என்றார் சோதனைக்காரர். ஒரு தடவை சூடுபட்டவர், இனி பொடி எழுத்தை மீறமாட்டார்.

காத்திருந்தோம். வெளியே மூடுபனி சாலையைக் கடந்துகொண்டிருந்தது. நான் பார்த்த மனிதக் கூட்டங்களிலேயே மிக அமைதியானது அதுதான்: ஆறேழு பேர், ஒரு பாதரசக் கோடு. செய்தி கேட்டு டீக்கடை அக்கா வந்தது. ஜீப்புக்காரர் வந்தார். தண்ணீர்க்குடத்தின் மூடியோடு பக்கத்துக்காரர் வந்தார், இதையும் அளப்பீர்களா என்று. ஜன்னலில் நான்கு முகம், வாசலில் எட்டு. கோடு ஏறியது. இருபது. சோதனைக்காரர் வெர்னியரைத் துடைத்து முடிப்பதற்குள் இருபத்தொன்று. பிறகு இருபத்திரண்டு.

"ஏன் ஏறுது? வெயிலே வரலையே?"

தெர்மாமீட்டர்காரர் பின்னால் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். "நீங்க எல்லாரும்தான். தயவுசெஞ்சு வெளியில போங்க. மனுஷ உடம்பு முப்பத்தேழு டிகிரி."

"நாங்க என்னங்க பண்ணுனோம், மூச்சுத்தான வுட்டோம்!" என்றது டீக்கடை அக்கா. எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டு வெளியேறினார்கள். அண்ணனையும் அனுப்பினோம். "ஆர்டர் குடுக்கறவனே நாந்தான்" என்று சொல்லிக்கொண்டே போனார். ஜன்னல் இரண்டையும் திறந்தோம். மூடுபனி உள்ளே வந்து ஒரு சுற்றுச் சுற்றியது. இருபது.

அளந்தார். முதல் தகடு சரி. இரண்டு, மூன்று, நான்கு, சரி. அவர் ஒவ்வொரு முறை 'சரி' என்றபோதும் என் கணவர் வாசலுக்குப் போய் வெளியே நின்றவர்களிடம் அதைச் சொல்லிவிட்டு வந்தார். எட்டு, ஒன்பது, பத்து. பதினொன்று.

பன்னிரண்டாவது, ஒன்றரை முடி கூடுதல்.

கணவர் தகட்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். சோதனைக்காரர் தகட்டைத் திருப்பினார். அதன் நடுவே வட்டமாக ஓர் ஈரத்தடம். பக்கத்தில் ஒரு டீ டம்ளர். பதற்றத்தில் கணவர் தன் சூடான டீயை அந்தத் தகட்டின் மேலேயே வைத்து வைத்து எடுத்திருக்கிறார்.

"ஏனுங்க, பன்னெண்டு தகட்டுல உங்களுக்கு டீ வெக்க எடம் வேற கெடைக்கலீங்களா?"

"மேச மேல வெச்சனாட்டந்தான் இருந்துச்சு கண்ணு."

அதை ஜன்னல் விளிம்பில் வைத்தோம். குழந்தைக்குக் காய்ச்சல் விடுவதற்குக் காத்திருக்கிற மாதிரி, தெர்மாமீட்டர்காரரோடு சேர்த்து நான்கு பேரும் அதன் எதிரில் நின்றோம். ஒருவரும் தொடவில்லை. நான் மூச்சையும் வேறு பக்கம் திரும்பி விட்டேன். கால் மணி நேரம் கழித்து சோதனைக்காரர் அளந்தார். பிறகு வெர்னியரைப் பெட்டியில் வைத்து மூடினார். பன்னிரண்டாவதும் சரி. கையெழுத்துப் போட்டார். இனி வரும் வேலையின் சோதனை மாதம் ஒருமுறை, காலை வேளையில், இந்த மலையில்தான் என்றும் எழுதினார். எழுதும்போது அவர் பார்வை ஒருமுறை காரின் பக்கம், பேட்டரியின் பக்கம், போய் வந்தது.

திரும்பும்போது எங்களையும் ஏற்றிக்கொண்டார். அண்ணன் வீட்டில் மதியச் சாப்பாடு. எழுபது வளைவும் சத்தமில்லாமல் இறங்கினோம். இஞ்சின் முனகவில்லை, கியர் அலறவில்லை, ரப்பர் கருகும் அந்தப் பழக்கப்பட்ட வாசனை எந்த வளைவிலும் வரவில்லை. சோதனைக்காரர் காலை எடுத்தாலே வண்டி தானாக வேகத்தை அடக்கிக்கொண்டது. அடக்கியதையெல்லாம் பேட்டரியில் போட்டுக்கொண்டது. வளைவுக்கு வளைவு அவர் முகம் தெளிந்தது. கணவர் முகத்தில் வேறு ஏதோ ஓடிக்கொண்டிருந்தது.

காரவள்ளியில், மலை முடிகிற இடத்தில், "சித்த நிறுத்துங்க தம்பி" என்றார். இறங்கிப் போய் முன்சக்கரத்தின் அருகே குத்துக்கால் வைத்து உட்கார்ந்தார். இருபத்தாறு வருடமாக இந்த இடத்தில் நின்ற எந்த வண்டியின் சக்கரத்துக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோக முடியாது என்பது அவருக்குத் தெரியும். கம்பிகளுக்கிடையில் விரலை விட்டு, பிரேக் தட்டைத் தொட்டார். கையை எடுக்கவில்லை. உள்ளங்கையை முழுசாக வைத்தார்.

"ஆறிப்போன காப்பி டம்ளராட்ட இருக்குது" என்றார். எங்கள் வாசலில் இருக்கும் பலகையைத்தான் நினைக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. சிரிக்கிறாரா என்று குனிந்து பார்த்தேன். பாதி சிரித்தார்.

ஒரு கை சக்கரத்தில் இருக்கும்போதே மறுகையால் போனை எடுத்து ஓசூரைக் கூப்பிட்டார்.

"இல்லீங்க, ஒண்ணாந் தேதி வரலீங்க... இங்கயே வேல வந்திருச்சுங்க... ஷிப்டா? இருக்குதுங்க. விடிஞ்சதுல இருந்து பத்து மணி வரைக்கும். அதுக்கு மேல வெய்யில் ஏறிரும், நிறுத்தீருவமுங்க."

அந்தப் பக்கம் என்ன கேட்டார்களோ.

"மழைங்களா? மழ வந்தா பாத்துட்டு இருப்பமுங்க" என்றார்.